நண்டின்மேல் குற்றமோ?

உப்புநீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன்களை வளர்ப்போர் சிலர் நம் திருவனந்தபுரத்தில் உளர். அவருள் ஓர் அன்பர் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். அவரது தொட்டியில் அடுத்தடுத்து மீன்கள் குறைந்து வந்தனவாம். நள்ளிரவில் விளக்குப் பிடித்துப் பார்த்தபோது, கல்லிடுக்கிலிருந்து வெளிப்பட்ட நண்டொன்று ஒரு மீனைக் கொடுக்கால் பற்றித் தின்றுகொண்டிருந்ததாம். “நண்டைக் கொன்றால் உயிர்க்கொலை, கொல்லாவிட்டால் மீன்கள் மாளும். இரண்டில் எது பாவம்?” என்பது அவர் வினா.

சிறு தொட்டியில் பிறந்த வினாவெனினும் இஃது அறத்தின் வேரைத் தொடுகின்றது. அன்பர்கள் நம்முடன் சற்றே பொறுத்துச் சிந்திக்க வேண்டுகின்றோம்.

முதற்கண் நண்டின் இயல்பை அறிவோம். நண்டினங்களுட் பல, பாசியும் தின்னும். அழுகிய ஊனும் தின்னும். அகப்பட்ட சிற்றுயிரையும் தின்னும். பெரும்பாலும் இரவிலே இரை தேடும். கடலிலிருந்து எடுத்த கல்லின் துளைக்குள் நகத்தளவு குஞ்சாக ஒளிந்து வீட்டிற்குள் வருவதும் உண்டு. ஓட்டைக் கழற்றிக் கழற்றி அது வளரும். நண்டு கொழுத்தால் வளையில் இராது என்று நம் பெரியோர் சொன்னது வீணன்று. அன்றியும், நோயால் இறந்துபோன மீனையே நண்டு தின்றுகொண்டிருக்க, கண்டவர் அதனைக் கொலைகாரன் என்று முடிவு கட்டுவதும் உண்டு. அப்போது அது செய்வது துப்புரவுப் பணியேயாம். பிணம் அழுகி நீர் நஞ்சாவதை அது குறைக்கின்றது.

ஆயினும் உயிருள்ள மீனையே அது பிடித்தது என்று கொள்வோம். கடலிலும் நண்டு மீனைப் பிடிக்கின்றது. மீனும் நண்டைத் தின்கின்றது. புதிதாக ஓடு கழற்றிய நண்டின் உடல் மெத்தென்றிருக்கும். அந்நாளில் அது வளைக்குள் பதுங்காவிடில் மீனுக்கே இரையாகும். ஆனால் விழிஞத்துக் கடலில் வாழும் மீனுக்குத் தப்பியோட வெளி உண்டு. ஒளிந்துகொள்ளப் பாறைகள் பல உண்டு. இருநூறு லிட்டர் நீர் கொண்ட தொட்டியிலோ, மீன் எப்பக்கம் ஓடினும் கண்ணாடியில் முட்டித் திரும்பும். நண்டுக்குக் கொடுக்கைத் தந்தது இயற்கை. மீனுக்குத் தப்பும் வழியை அடைத்த சுவரை வைத்தது மனிதன்.

இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1853-இல் பொதுமக்களுக்காக மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் 1909-இல் அத்தகையதொன்று அமைந்தது. அன்று அறிஞர் மேற்பார்வையில் இருந்த கண்ணாடிச் சுவர் இன்று வீட்டுக் கூடத்திற்குள் வந்துவிட்டது. சுவர் வந்த அளவிற்கு அதனோடு வரவேண்டிய பொறுப்பு வந்ததா என்பதே நம் கேள்வி.

இங்கே ஒரு தடை எழும். செயலை எண்ணத்தால் அளப்பது பௌத்த நெறி. நண்டுக்குப் பசியன்றி வஞ்சமில்லை. வளர்த்தவருக்கும் கொல்லும் எண்ணமில்லை. அழகைக் காணும் ஆசையே உண்டு. இருவரும் எண்ணத்தால் தூயவர் என்றால், மீனின் சாவுக்கு உரியவர் ஒருவருமில்லையா?

நாம் பஞ்சாலையில் உழைத்த காலத்துக் காட்சி ஒன்று இதற்கு விடை தரும். காப்புத் தகடில்லாத பற்சக்கரத்தில் ஒரு தொழிலாளியின் விரல் சிக்கியது. அதனை எல்லாரும் விபத்து என்றனர். தகடு பொருத்தப்படவில்லை. சில நாட்களில் அதே சக்கரத்தில் மற்றொருவர் கை சிக்கியது. அதையும் விபத்தென்றே ஏட்டில் எழுதினர். சக்கரத்தைச் சினந்து என்ன பயன்? சுழல்வது அதன் இயல்பு. முதல் காயத்திற்குப் பின்னரும் தகடு பொருத்தாதிருந்தது யார் என்பதன்றோ கேட்கத்தக்கது! தொட்டியிலும் அவ்வாறே. முதல் மீன் அறியாமையால் மாண்டது. கண்ணால் கண்டபின் மாளும் ஒவ்வொரு மீனின் சாவிலும், வாளாவிருந்தவருடைய அறிவு கலந்திருக்கின்றது. தீய எண்ணம் இல்லாமை மட்டும் போதாது, விழிப்பும் வேண்டும்.

ஜாதகக் கதைகளில் கொக்கும் நண்டும் வரும் பக ஜாதகத்தை அன்பர்கள் அறிவர். நீர் வற்றும் குளத்து மீன்களிடம், வேறு தாமரைத் தடாகத்திற்குக் கொண்டுபோய் விடுவதாகக் கொக்கு இன்சொல் கூறி, ஒவ்வொன்றாய்த் தூக்கிச் சென்று தின்றது. இறுதியில் அதன் கழுத்தை நறுக்கியது ஒரு நண்டு. அக்கதையில் மீனை ஒரு நீரிலிருந்து மற்றொரு நீருக்குத் தூக்கிச் சென்றவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். நம் வீட்டுத் தொட்டிக்கு மீனைத் தூக்கி வந்தவர் யார்? கொக்கின் வஞ்சம் நம்மிடம் இல்லை. எனினும் தூக்கி வந்த மீனுக்கு நாம் சொல்லாமற் சொன்ன வாக்குறுதி ஒன்று உண்டு. அதனைக் காப்பது நம் கடன்.

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். நண்டைக் கொல்ல வேண்டா. அதன் கொடுக்கை முறிக்கவும் வேண்டா. கண்ணாடிக் குவளையில் சிறிது இரையிட்டு, தொட்டியின் அடியில் கல்லின்மேல் சாய்த்து வைத்தால், மணம் நாடி இரவில் உள்ளிறங்கும் நண்டு வழுக்குஞ்சுவரில் ஏறமாட்டாது தங்கும். பின் அதனை வேறு தொட்டியில் வைத்துப் பேணலாம். எக்கடலிலிருந்து வந்ததென்று தெரியாத உயிரைச் சங்குமுகத்துக் கடலில் விடுவது தகாது. அங்குள்ள உயிர்களுக்கு அது நோயைக் கொண்டு செல்லக்கூடும். இனி வாங்குமுன், எவ்வுயிர் எதனோடு கூடி வாழும் என்று கேட்டறிக. விழிஞத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், கடல் அலங்கார மீன்களைத் தொட்டியிலேயே இனம்பெருக்கும் முறைகளை ஆராய்ந்துள்ளது. கடலில் பிடித்தவற்றை விடுத்து, அவ்வாறு பிறந்து வளர்ந்தவற்றை நாடுதல் நன்று.

“தனித் தொட்டியிலும் நண்டுக்கு மீன் துண்டுதானே இடுவோம், ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரின் ஊனா?” என்று கேட்பீராயின், அக்கேள்வி நேர்மையானதே. சாவே இல்லாத நீர்நிலையை நம்மால் ஆக்க முடியாது. நண்டைப் பசியில்லாத உயிராக மாற்றவும் முடியாது. நம்மால் முடிவது, அதன் பசிக்கும் மீனின் உறக்கத்திற்கும் இடையே நாம் எழுப்பிய சுவரைச் சரியான இடத்தில் வைப்பதே. அதனை இன்றிரவு விளக்கணைக்குமுன் செய்க.