நாளை முடித்தது யார்?

செத்த வீட்டுக்குப் போனால் நம்மில் பெரும்பாலானோர் சொல்வது ஒன்றுதான். "அவவுக்கு நாள் முடிஞ்சிட்டு, நாம என்ன செய்யிற?" சொல்லிவிட்டு, தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வருகிறோம். ஆறுதலுக்குச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகாவது ஒரு கேள்வி மனதில் எழ வேண்டாமா? அந்த நாளை முடித்தது யார்?

2014 ஏப்ரல் வரை மட்டக்களப்பு வாவிக்கு மேலே மண்முனையில் பாலம் இல்லை. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வர வேண்டுமென்றால் 'பாதை' எனும் மிதவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வவுணதீவால் சுற்றிப் போக வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் நின்றதுதான். பிரசவ வலி கண்டவளும், வரம்பில் பாம்பு கடித்தவனும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த கிழவரும் இக்கரையில். பிறகு ஜப்பானின் உதவியோடு பாலம் வந்தது. சீமெந்தும் கம்பியும் தண்ணீருக்கு மேலே எழும்பியதும் பலருடைய 'நாள்' நீண்டுபோயிற்று. சித்திரகுப்தன் தன் ஏட்டைத் திருத்தினானா? அல்லது அந்த ஏடு முதலிலிருந்தே வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மேசையில்தான் கிடந்ததா?

மண்முனை ஒரு துறை மட்டுமே. குருமண்வெளி–மண்டூர், குருக்கள்மடம்–அம்பிளாந்துறை என்று பாதையை நம்பியே தலைமுறைகள் கழித்த துறைகள் வேறு இருக்கின்றன. மாரியில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் அதற்கு அங்கால் உள்ள ஊர்கள் படகுக்குத் திரும்பிவிடும். மழை இயற்கை. ஒவ்வொரு ஆண்டும் அதே வீதி அதே இடத்தில் மூழ்குவதும் இயற்கையா?

விதி என்று நாம் கைகழுவிய பலவற்றை மனிதர்கள் மாற்றியிருக்கிறார்கள். 1934–35 மலேரியாவில் இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். அந்த எண் இன்று நாற்பதுக்கும் கீழே. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. இதைச் செய்தது எந்த யாகம்? 1931இல் எல்லோருக்கும் வாக்கு வந்தது. வாக்குக் கேட்டு வந்தவனிடம் சனம் ஆஸ்பத்திரி கேட்டது. மருத்துவ மாது வீடு வீடாக ஏறி இறங்கினாள், ஒருவன் மூலைமுடுக்கெல்லாம் நுளம்புக்கு மருந்து அடித்தான். சம்பளத்துக்குச் செய்த வேலைதான். ஆனாலும் நம் குலதெய்வங்கள் எல்லாம் சேர்ந்து காப்பாற்றாத தாய்மாரை அந்தச் சம்பளக்காரி காப்பாற்றினாள்.

இப்படிக் கட்டிய ஒன்றைத்தான் நம் கண்ணெதிரே உதிர விட்டுக்கொண்டிருக்கிறோம்.

வெல்லாவெளிக்கு அங்கால் உள்ள ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். சீனியும் பிரசரும் உள்ளவள். கிளினிக் நாள். இரத்தம் எடுப்பார்கள் என்பதால் வெறும் வயிறு. கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறி வந்து நம்பர் எடுத்து, வாங்கில் இடமில்லாமல் சுவரோடு குந்தியிருக்கிறாள். பத்து மணிக்கு மேல் பெயர் கூப்பிடுகிறார்கள். டொக்டர் முகம் பார்க்க இரண்டு நிமிடம். மருந்து கொடுக்கும் யன்னலில் மூன்று கவர்கள் வருகின்றன, நாலாவதற்கு ஒரு துண்டு வருகிறது. "இது முடிஞ்சி அம்மா, வெளியால வாங்குங்க."

வெளியே பாமசியில் துண்டை நீட்டுகிறாள். "மனே, இது ஒரு மாசத்துக்கு எவ்வளவு வரும்?" பையன் கணக்குப் பார்த்துச் சொல்கிறான். அவள் முந்தானை முடிச்சைப் பார்க்கிறாள். "அப்ப பத்து நாளைக்கு மட்டும் தா மனே." பத்து நாள் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு இருபது நாளாக்கிவிடுகிறாள். அடுத்த கிளினிக்கில் பிரசர் ஏறியிருக்கிறது. கேள்வி வருகிறது: "மருந்து ஒழுங்காக் குடிக்கிறல்லையா?"

அவள் என்ன பதில் சொல்வாள் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். கொப்பியில் 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எழுதப்படும். மருந்து இல்லாமல் போனது களஞ்சியத்தில். பழி விழுந்தது அவள் தலையில்.

அவள் தனி ஆளும் இல்லை. 2012/13 கணக்கெடுப்பில் நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 6.7 சதவீதம், மட்டக்களப்பு மாவட்டத்தில் 19.4 சதவீதம். அது நல்ல காலத்துக் கணக்கு. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது, பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல், நாள் குறித்து வைத்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள், நூற்றுக்கணக்கான டொக்டர்மார் விமானம் ஏறினார்கள். மறு ஆண்டே தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்துக் குப்பிகள் அரச ஆஸ்பத்திரிகளுக்குள் வந்து சேர்ந்தன. அந்தக் கொள்வனவு தொடர்பில் சுகாதார அமைச்சராயிருந்த கெஹலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். ஊசி ஏற்றிக்கொண்டவன் எந்தப் பிறவியில் செய்த பாவத்துக்காக அந்தக் குப்பிக்குக் கை நீட்டினான் என்று எந்தச் சாத்திரியாவது சொல்வாரா?

'இலவசமாகக் கிடைக்கிறதுக்கு இவ்வளவு குறை சொல்லலாமா?' என்று சிலர் கேட்பார்கள், பெரும்பாலும் வயிறு நிரம்பியவர்கள். இலவசமா? 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அந்தத் தாய் வாங்கும் சவர்க்காரத்திலும், மகனுக்குப் போடும் ரீலோட்டிலும் அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்கிறது. அதற்கு மேலே துண்டுக்கும் அவள்தான் கட்டுகிறாள். இந்த நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதி நோயாளிகளின் மடியிலிருந்து நேரே போகிறது. காசு கட்டியவள் சுவரோடு குந்தியிருந்து கும்பிடுகிறாள். வாங்கியவன் நாடா வெட்டுகிறான். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

இந்த இடத்தில் என் கூட்டத்தாருக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். பகுத்தறிவு பேசுகிறவர்களுக்கு ஒரு சோம்பல் உண்டு. மட்டக்களப்பு என்றாலே மாந்திரீகம் என்று சிரிப்பது, 'பாம்பு கடித்தவனைப் பூசாரியிடம் கொண்டு போகிறார்களே' என்று தலையில் அடித்துக்கொள்வது. அடித்துக்கொள்ளுங்கள், நானும் அடித்துக்கொள்கிறேன். மந்திரத்தில் விஷம் இறங்காது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நம்மிடம் உள்ள விஷமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. ஏற்றும்போதே உடம்பு கடுமையாக ஒவ்வாமை காட்டக்கூடும், அதனால் பக்கத்தில் டொக்டர் நிற்க வேண்டும். இரவில் டொக்டர் இல்லாத கிராமத்து ஆஸ்பத்திரி என்ன செய்யும்? துண்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். பூசாரி நடை தூரத்தில் இருக்கிறார். கதவைத் தட்டினால் எழும்புகிறார். உட்காரச் சொல்கிறார், எந்த இடம், எத்தனை மணி, என்ன நிறம் என்று கேட்கிறார், தோளைத் தொடுகிறார். அவரிடம் மருந்து இல்லை, ஆனால் நேரம் இருக்கிறது. மருந்து உள்ள இடத்தில் நேரம் இல்லை. ஏழை மூடநம்பிக்கையால் மட்டுமா பூசாரியிடம் போகிறான்? நாம் விட்ட இடைவெளியில்தான் அவர் பாய் விரித்திருக்கிறார்.

மூடநம்பிக்கை ஏழையின் சொத்து என்று யாராவது சொன்னால் 2020ஐ நினைவூட்டுங்கள். கொரோனாவை விரட்ட மந்திரித்த பானைகளை ஆற்றில் போட்டது யார்? நாட்டின் அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி. அந்த டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காளி சொன்ன மருந்துப் பாணி என்று காய்ச்சிக் கொடுக்க, ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. அமைச்சரும் குடித்துக் காட்டினார். ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. அப்போது ஆற்றங்கரைக்குப் போனாரா? அங்கொடை ஐடிஎச் ஆஸ்பத்திரியில் படுத்து, சுகமாகி வந்தார். வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சனத்துக்கு ஆற்றையும் பாணியையும் காட்டியவருக்குத் தன் மூச்சு முட்டியபோது போக வேண்டிய இடம் சரியாகத் தெரிந்திருந்ததே, அதைக் கவனித்தீர்களா?

சரி, அமைச்சரை விடுவோம். உங்களிடம் வருகிறேன். பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர், பிறகு கொழும்பில் இருந்துகொண்டு அற்புதம் செய்து காட்டுகிறவனுக்கு ஒரு இலட்சம் ரூபா என்று சவால் விட்டார். யாரும் வெல்லவில்லை. 1978இல் இறந்தபோது உடலை மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்க விட்டுப்போனார். அவர் சவால் விட்டது சாமியார்களுக்கு. நான் சவால் விடுவது மாத வருமானம் உள்ள, படித்த, கோயிலிலும் சங்கத்திலும் முன்வரிசையில் உட்காரும் உங்களுக்கு.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறீர்கள்? பின்னேரம் காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணுகிறீர்கள். 1977இல் ஆட்சி மாறிய பின், அரச டொக்டர்மார் கடமை முடிந்ததும் வெளியே காசுக்குப் பார்க்கலாம் என்று ஆனது. காலையில் இரண்டு நிமிடம் பார்த்தவர் பின்னேரம் பத்து நிமிடம் சிரித்துப் பேசுகிறார். அவரைத் திட்டுவது சுலபம். காலையில் அவர் முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் கேட்பது வேறு. வார்ட்டில் படுக்க வேண்டி வந்தால், போனை எடுத்து 'நம்மட ஆள் ஒருத்தர் வாறார், கொஞ்சம் பாருங்க' என்று சொல்கிறீர்களே, அந்த நேரத்தில் சுவரோடு குந்தியிருந்தவளின் நம்பர் ஒன்று பின்னுக்குப் போகிறதா இல்லையா? நீங்கள் ஒரு ரூபா இலஞ்சம் கொடுக்கவில்லை, உண்மை. நேரத்தைத் திருடினீர்கள். அதுவும் யாரிடம்? அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவளிடம்.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. பேசத் தெரிந்தவனும், எழுதத் தெரிந்தவனும், எம்பியின் நம்பர் வைத்திருப்பவனும் வரிசையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து அந்த வரிசைக்குக் குரல் இல்லை. மலசலகூடத்தில் தண்ணீர் வராவிட்டால் யார் கேட்பது? பஸ் பதினொரு மணிக்கு வரும் ஊருக்கு எட்டு மணிக்குக் கிளினிக் வைத்தால் யார் சண்டை பிடிப்பது? ஆண்டுக்கொரு முறை பிறந்தநாளுக்குப் பழமும் பால்மாவும் கொண்டுபோய், நோயாளியின் கையில் கொடுக்கும்போது படம் பிடித்துப் போடுகிறீர்கள். படத்தில் அவள் முகம் தெரிகிறது. அனுமதி கேட்டீர்களா?

கேள்வி கேட்கத் தெரியாத ஊர் என்றும் நம்மைச் சொல்ல முடியாது. கோயில் வருடாந்தக் கூட்டத்தில் ஐயாயிரம் ரூபா கணக்கில் உதைத்தால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரை எழுப்பி நிறுத்திவிடுகிறோம். பற்றுச்சீட்டு எங்கே, எந்தக் கடையில் வாங்கியது, யார் சாட்சி? விடியும்வரை விடுவதில்லை. கடவுளின் கணக்கில் இவ்வளவு கறாராக இருக்கிற நாம், மனிதர்களின் மருந்துக் கணக்கை ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? வைத்தியசாலை அபிவிருத்திக் குழு என்று ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும். கடைசியாக எப்போது கூடியது? உங்களுக்குத் தெரியுமா?

மேலே யாரிடம் போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கீழ். கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் வைக்கவில்லை. அதாவது, உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு இரவு டொக்டர் இல்லை என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்க, நீங்கள் தெரிவு செய்த ஒரு மாகாண சுகாதார அமைச்சர்கூட இல்லாமல் போனார். அரசியலமைப்பைப் புரட்டினால், உடல்நலம் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே இல்லை. இதற்காக ஊர்வலம் போனதாக நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை.

ஆனாலும் ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சட்டத்தரணி தேவையில்லை. ஒரு தாள், ஒரு பேனை. தமிழிலேயே எழுதலாம். கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் கையிருப்பில் இல்லை? எப்போது கேட்டு எழுதினீர்கள்? எப்போது வந்தது? இரவுக் கடமைக்கு டொக்டர் இல்லாத நாட்கள் எத்தனை? பதினான்கு வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. கிடைத்த பதிலைக் கோயில் விளம்பரப் பலகையிலேயே ஒட்டுங்கள். திருவிழா நோட்டீசுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.

'இதை அந்தத் தாயே எழுதலாமே, அவளுக்கும் உரிமை இருக்கிறதே' என்று சொல்லாதீர்கள். எழுதினால் அடுத்த கிளினிக்கில் முகம் கறுப்பார்களோ, கொப்பியை அடியில் வைத்துவிடுவார்களோ என்று அவள் பயப்படுவாள். நியாயமான பயம். மாதா மாதம் அதே யன்னலுக்குக் கை நீட்ட வேண்டியவள் அவள். அதனால் அவளை எழுதச் சொல்லவில்லை. பின்னேரம் சனல் பண்ணுகிற உங்களை எழுதச் சொல்கிறேன். அந்த யன்னலில் உங்களுக்கு இழக்க என்ன இருக்கிறது?