நிழலைப் பழிக்காதீர்கள்!

"கொல்லை முழுக்க மாமர நிழல். ஒன்றும் விளையாது." காஞ்சிபுரம் பக்கத்துத் தாமலில் இப்படிக் கை விரிப்பவர்களிடம் கேட்கிறேன்: அங்கே என்ன நட்டீர்கள்? கத்தரி, வெண்டை, மிளகாய்! வெயில் குடிக்கும் பயிரை நிழலில் நட்டது நீங்கள். பழி மட்டும் மாமரத்துக்கா?

பேரரத்தையை நடுங்கள். இஞ்சிக் குடும்பத்துச் செடி. ஆள் உயரத்துக்கு எழும். ஒருமுறை ஊன்றினால் ஆண்டுக்கணக்கில் தூர் கட்டிப் பெருகும். கேரளத்தில் தென்னந்தோப்பின் ஊடுபயிர் அது. நம் வைத்தியர்களுக்கு இருமல் மருந்து. தாய்லாந்துக்காரர்களுக்கு டாம் யாம் சூப்பின் உயிர். கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் சமவெளியில், வெட்டவெளியில் நின்றால் அதன் நீண்ட இலைகள் கருகும். மரத்தடியில் தளதளவென்று நிற்கும். எதைக் குறை என்று நீங்கள் புலம்பினீர்களோ, அதைத்தான் அந்தச் செடி கேட்கிறது!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது தன்னம்பிக்கை ஆகாது. போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வரும் ஏலக்காயும் மர நிழலில் வளர்வதுதான். ஆனால் அது மலைக்குளிரையும் கேட்கும். சுமார் 600 மீட்டருக்கு மேல்தான் செழிக்கும். அதைத் தாமலில் வைத்துவிட்டு மனமுடைந்து உட்காராதீர்கள். தன் மண் எதைத் தாங்கும் என்று அறிந்தவரின் துணிவுக்குத்தான் பலன் உண்டு.

பேரரத்தையை ஆடியில் நடுங்கள். முளைக்கண் உள்ள கிழங்குத் துண்டுகளை ஒரு முழ இடைவெளியில், மக்கிய சாணம் கலந்த மேட்டுப்பாத்தியில் ஊன்றுங்கள். மேடு முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். உதிர்ந்த மாவிலையே மூடாக்கு. கும்மிருட்டான மூலை வேண்டாம். கிளை இடுக்கில் கொஞ்சம் வெயில் சிந்த வேண்டும்.

பிறகு பொறுமை. அறுவடைக்கு ஏறத்தாழ 18 மாதம். மூன்றாம் மாதமே கிழங்கைத் தோண்டிப் பார்க்கும் அவசரம்தான் நம்மை அழிக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளி ஒரு பட்டுப்புடவைக்காக நாள்கணக்கில் தறியில் உட்காருகிறார். பாதியில் பாவை அறுத்துக்கொண்டு எழுந்து போகிறாரா?

செடிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அண்ணனின் நிழலில் வளர்ந்த தம்பியே, கணவரின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோன தங்கையே, வெளிச்சம் வந்த பிறகு தொடங்கலாம் என்று எத்தனை ஆடியை வீணாக்குவீர்கள்? இருக்கும் இடத்தில் எது வளருமோ அதைக் கண்டுபிடியுங்கள். இன்றே தொடங்குங்கள்!

முதல் வேலை, கிழங்கு வாங்குவது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த அரத்தை வில்லை முளைக்காது. மூலிகைத் தோட்டத்திலோ நர்சரியிலோ பச்சைக் கிழங்காகக் கேட்டு வாங்குங்கள். ஆடிக்கு முன்பே பாத்தியைத் தயார் செய்துவிடுங்கள்.