விலா எலும்பின் பாரம்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் அந்நாளில் கயிற்றில் கட்டிய கல்மேல் கால் வைத்துத்தான் கடலடிக்கு இறங்குவார்கள். மூச்சு நிறைந்த நெஞ்சு ஆளை மேலே தள்ளும். கல்லின் பாரம் கீழே இழுக்கும். கடற்பசுவுக்கு அந்தக் கல் தேவையில்லை. அதன் விலா எலும்பே கல்தான்.

வாழைக்காய்போல் தடித்து வளைந்த எலும்பு அது. குறுக்கே உடைத்துப் பார்த்தால் மஜ்ஜைக்கென்று குழிவு கிடையாது. உள்ளும் புறமும் ஒரே கெட்டி. அந்தக் கனத்தால்தான் கடற்பசு அலைக்கழியாமல் கடலடியில் புல் மேய முடிகிறது. மண்ணுக்குள் கோடி ஆண்டுகள் கிடந்தும் அந்த எலும்பு நொறுங்காமல் நமக்குக் கிடைப்பதற்கும் அந்தக் கனமே காரணம்.

ஜமைக்காவில் கிடைத்த ஒரு கடற்பசுவுக்கு 2001-ல் பெசோசைரன் என்று பெயர் வைத்தார் தொல்லுயிரியலாளர் டேரில் டாம்னிங். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமை. அதற்கு நான்கு கால்கள் இருந்தன, தரையில் நடக்கவும் முடிந்தது. ஆனால் விலா அப்போதே கனத்துவிட்டது. கால் மறைவதற்கு முன்பே பாரம் வந்துவிட்டது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட எலும்புகள் உண்டு. குஜராத்தின் கட்ச் இன்று வறண்ட பூமி. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. பாரதிசைரன், கட்ச்சிசைரன், டாம்னிங்கியா என்று மூன்று வகைக் கடற்பசுக்கள் அங்கே வாழ்ந்தன. மூன்றும் ஒரே மேய்ச்சலில் எப்படிப் பிழைத்தன? 2012-ல் வந்த ஓர் ஆய்வு தந்தத்தையும் மூக்கின் சாய்வையும் உடல் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பெரிய தந்தம் உள்ளவை மண்ணைக் கிளறித் தடித்த வேர்த்தண்டைத் தின்றிருக்க வேண்டும். மற்றவை மெல்லிய புல்லோடு நின்றிருக்க வேண்டும். கடற்புல் எளிதில் கல்லாகப் பதிவதில்லை. அங்கே புல்வெளி இருந்தது என்பதற்கு இந்த எலும்புகள்தான் சாட்சி.

இன்று உலகில் அநேகமாக எந்தக் கடலோரத்துக்குப் போனாலும் ஒரு வகைக்கு மேல் சேர்ந்து மேய்வதைப் பார்க்க முடியாது. நமக்கு மிஞ்சியது ஆவுளியா என்ற கடற்பசு ஒன்றுதான். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழக அரசு 2022-ல் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வரும், மறுபடி அடியில் இறங்கும். அது மேய்ந்துபோன இடத்தில், பச்சைக்கு நடுவே, மணல் தெரிய ஒரு நீளத் தடம் கிடக்கும்.