தொலைந்த பெட்டியும் தொலையாத நேர்மையும்

வெளிநாடு சென்று திரும்புவோர் ஏதேனும் ஒரு நினைவுப் பொருளைக் கொண்டுவருவது வழக்கம். எலப்புள்ளியிலிருந்து சிங்கப்பூர் சென்றுவரும் ஒரு பாலக்காட்டுக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே வாங்கிய சிறு பொம்மை வழியில் தவறிவிட்டால், அதன் விலையைவிடப் பன்மடங்கு வருத்தம் உண்டாகிறது. அது மீண்டும் கிடைத்துவிட்டாலோ அளவற்ற மகிழ்ச்சி. இவை பற்றின் அடையாளங்கள்தாமா? பற்றை விடுக என்று சான்றோர் கூறுவது, போனது போகட்டும் என்று வாளாவிருக்கவா?

இக்கேள்விக்கு விளக்கம் தரும் நிகழ்ச்சி ஒன்று ரவீந்திரநாத் தாகூரின் வாழ்வில் உண்டு. 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்து புறப்படவிருந்த அவர், உடல்நலம் குன்றியதால் பயணத்தைத் தள்ளிவைத்துப் பத்மா நதிக்கரையிலுள்ள ஷிலைதாவில் ஓய்வெடுத்தார். அப்போது தம் வங்காளப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கிப் பின்னர்க் கப்பலிலும் அப்பணியைத் தொடர்ந்தார். மகன் ரதீந்திரநாத்துடனும் மருமகள் பிரதிமா தேவியுடனும் ஜூன் மாதம் லண்டனை அடைந்தார்.

கையெழுத்துப் பிரதி இருந்த கைப்பெட்டி மகனின் பொறுப்பில் இருந்தது. விடுதிக்குச் சுரங்க ரயிலில் சென்றபோது அவர் அதை வண்டியிலேயே விட்டுவிட்டார். ஓவியர் ரோதன்ஸ்டைனிடம் காட்டுவதற்காகத் தந்தை மறுநாள் அதைக் கேட்டபோதுதான் இழப்புத் தெரியவந்தது. பதைபதைத்த நெஞ்சுடன் அவர் ரயில்வேயின் தொலைந்த பொருள் அலுவலகத்திற்கு விரைந்தார். பெட்டி பத்திரமாக அங்கே காத்திருந்தது!

அந்தப் பிரதியே அவ்வாண்டு நவம்பரில் கவிஞர் யேட்ஸின் முன்னுரையுடன் ஆங்கில 'கீதாஞ்சலி'யாக வெளிவந்தது. முதற்பதிப்பில் 750 பிரதிகளே அச்சாயின. மறு ஆண்டே தாகூருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ரதீந்திரநாத்தின் பதைப்பு பற்றினால் விளைந்தது அன்று, பொறுப்பினால் விளைந்தது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காக்கத் தவறினோமே என்ற தவிப்பு அது. பற்றின்மை வேறு, அலட்சியம் வேறு. தேடவேண்டியதை முயன்று தேடுவது கடமை. தேடியும் கிடைக்காதபோது மனம் உடையாதிருப்பதே பற்றின்மை.

இந்நிகழ்ச்சியில் மற்றொருவரும் இருக்கிறார். அவர் பெட்டியைக் கண்டெடுத்து உரிய இடத்தில் சேர்த்த, பெயர் அறியப்படாத மனிதர். அதன் அருமையை அவர் உணர்ந்திருக்க வழியில்லை. 'இது என்னுடையது அன்று' என்பது மட்டுமே அவருக்குத் தெரியும்; அதுவே போதுமானதாயிற்று. பதஞ்சலி முனிவர் யமங்களுள் ஒன்றாகக் கூறும் அஸ்தேயமும், வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ள கள்ளாமையும் இதுவே. கண்டெடுத்த பொருளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர், அடைக்கலமாக ஏற்றவரைப்போல அதைக் காக்கவேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் கூறுகிறது. ஆனால் எவரும் காணாத வேளையில் மனிதனை நடத்துவது சட்டமன்று, மனச்சான்றே.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சாந்திநிகேதனிலிருந்து தாகூரின் நோபெல் பதக்கம் களவு போயிற்று. பின்னர் நோபெல் அறக்கட்டளை அதன் நகல்களை வழங்கியது. கள்வனால் பொன்னை எடுத்துச் செல்ல முடிந்தது. அப்பொன் குறித்த பெருமையை எடுத்துச் செல்ல முடியவில்லை. கவிஞரின் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. ஆயின் ஒன்று மெய்யாகவே இழக்கப்பட்டது. அது அக்கள்வனின் நேர்மை. அதைத் தொலைந்த பொருள் அலுவலகம் எதிலும் கேட்டுப் பெற முடியாது.

எனவே நம் பொருள் தொலைந்தால் நிதானத்தோடு தேடுவோம். பிறர் பொருள் நம் கையில் அகப்பட்டால் தாமதமின்றிச் சேர்ப்பிப்போம். பற்றின்மைக்கு உண்மையான சோதனை, நாம் இழந்ததில் இல்லை. நாம் கண்டெடுத்ததில்தான் இருக்கிறது. நாம் திருப்பித் தரும் சிறு பொம்மை எலப்புள்ளியில் ஒரு குழந்தையின் முகத்தை மலரச் செய்யலாம். ஒரு கைப்பெட்டியாயின் உலகிற்கே ஒரு நூலை மீட்டுத் தரலாம். எது எப்படியென்று நமக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.