எடைக் குறைவும் தகுதியும்

முதல் வேலையில் சேர்ந்த வாரமே அந்தச் சொல்லைக் கேட்டேன்: 'கோட்டாவுல வந்தவன்.' பக்கத்து மேசைக்காரர்தான் சொன்னார். மார்க்கைத் தளர்த்தி ஆளை உள்ளே விட்டால் வேலை கெட்டுப்போகுமாம். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கடற்படைக்காரியின் வாழ்க்கையில் அந்தப் பதிலைக் கண்டேன்.

அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர். அமெரிக்க வெள்ளைக்காரப் பெண். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேரப் போனார். வயசு அதிகம் என்றார்கள். எடையும் பத்தவில்லை; 120 பவுண்டு வேணும், இவருக்கு 15 பவுண்டு குறைவு. விதியைத் தளர்த்தித்தான் 1943 டிசம்பரில் சேர்த்துக்கொண்டார்கள்.

1944இல் ஹார்வர்டில் இருந்த மார்க் 1 கணிப்பொறியில் வேலை. 51 அடி நீள எந்திரம். வினாடிக்கு மூன்று கூட்டல் போடும். போருக்குப் பிறகு, 1952இல், முதல் கம்பைலர்களில் ஒன்றை எழுதினார். எந்திரத்தோடு பேசுவது ஒருசில நிபுணர்களின் மந்திரமாக இருந்த காலம் அது. சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதலாம் என்றார் ஹாப்பர். நடக்காது என்றார்கள். நடந்தது. அவருடைய ஃப்ளோ-மேட்டிக் மொழி 1959இல் உருவாகத் தொடங்கிய கோபோலுக்கு அடிப்படையானது. 1986இல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். விதியைத் தளர்த்தியதால் எந்த வேலை கெட்டுப்போச்சு?

'எடைக்கும் மூளைக்கும் என்னங்க சம்பந்தம், மார்க் அப்படியா?' என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் எடைக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்று யாரோ ஒருவர் நினைத்த பிறகுதானே அந்த விதி வளைந்தது? அதே கேள்வியை மார்க்கிடமும் கேட்போம். மூன்று மணிநேரப் பரீட்சை எதை அளக்கிறது? படித்த அப்பன், வீட்டில் புழங்கும் ஆங்கிலம், ட்யூஷனுக்குக் கொடுத்த காசு, இவையெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லையா?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஹாப்பர் சேர்ந்த அந்த 1943 டிசம்பரில், கடற்படையின் மகளிர் பிரிவான வேவ்ஸில் கறுப்பினப் பெண்களுக்கு இடமே கிடையாது. 1944 அக்டோபரில்தான் அனுமதித்தார்கள். ஹாரியட் பிக்கன்ஸ், ஃபிரான்சஸ் வில்ஸ் இருவரும் அந்த டிசம்பரில் முதல் கறுப்பின அதிகாரிகள் ஆனார்கள். எடை விதி ஒரு ஆளுக்காக வளைந்தது. நிற விதி வளைய ஒரு போராட்டமே வேண்டியிருந்தது.

இதனால் ஹாப்பரின் உழைப்பு பொய்யாகிவிடாது. சிலர் கையில் இருந்த அறிவைப் பலர் கைக்குக் கொண்டுபோனவர் அவர். அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் தளர்வு இல்லாத வாசல் எங்கும் இல்லை. அவங்க ஆளுக்குத் தளர்த்தினால் அது 'விதிவிலக்கு'. நமக்குத் தளர்த்தினால் 'சலுகை'.

பக்கத்து மேசைக்காரரிடம் இன்றைக்கு ஒன்றுதான் கேட்பேன்: உங்களுக்கும் உங்க தாத்தாவுக்கும் எந்தெந்த விதி தளர்ந்தது? அதை முதலில் சொல்லுங்க சார். அப்புறம் என் மார்க்கைப் பேசலாம்.