மரத்தடியில் கிடைக்கும் ஆறுதல் விசுவாசக் குறைவா?



தன் மகனை வியாதியில் பறிகொடுத்த ஒரு சகோதரி என்னிடம் கேட்ட கேள்வி இது. “அண்ணே, ஜெபத்துல உக்காந்தா வார்த்தையே வர மாட்டேங்குது, அழுகைதான் வருது. ஆனா சாயங்காலம் கொல்லையில வேப்பமரத்தடியில போய்க் கொஞ்ச நேரம் உக்காந்தா நெஞ்சு லேசாகுது. ஆண்டவர்கிட்ட கிடைக்காத ஆறுதல் மரத்துக்கிட்ட கிடைக்குதேன்னு பயமா இருக்கு. இது விசுவாசக் குறைவா அண்ணே?”

பிரியமானவர்களே, இதைச் சாதாரணக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. மரத்தையும் ஆற்றையும் மலையையும் கும்பிட்ட வழக்கத்திலிருந்து வெளியே வந்த குடும்பங்கள் நம்மில் அநேகம். அதனால் ‘மரம் ஆறுதல் தந்தது’ என்று சொல்லவே நமக்கு நாக்கு கூசுகிறது. இன்னொரு பக்கம், துக்கத்தில் இருப்பவர்கள் சீக்கிரம் எழுந்து, மேடையேறி, ஜெயசாட்சி சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படிச் சொல்ல முடியாதவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மூச்சில்லாத நாட்கள்

2021ம் வருஷம் மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை. நானும் என் மனைவியும் ஒரே வாரத்தில் படுக்கையில் விழுந்தோம். சபையார் வீடுகளில் இருந்தபடியே சங்கிலி ஜெபம் பண்ணினார்கள். நான் பிழைத்தேன். அவள் கர்த்தரிடம் போய்விட்டாள். ஒரே வியாதி, ஒரே சபை, ஒரே ஜெபம். அடக்கத்துக்குப் போகக்கூட எனக்கு முடியவில்லை. ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. மனசில்லாமல் அல்ல, மூச்சில்லாமல். நமக்கு ஜெபம் என்றால் சத்தம்தானே! கைதட்டி, குரல் உயர்த்தி, மணிக்கணக்காய்த் துதித்துப் பழகியவர்கள் நாம். நானோ பாட்டின் முதல் அடியைப் பாடினால் இரண்டாம் அடிக்குள் மூச்சு வாங்கும். டாக்டர், “தினமும் மெதுவா கொஞ்ச தூரம் நடங்க” என்றார். எங்கள் வீட்டிலிருந்து நூறு அடி போனால் தாமிரபரணிக் கரை. அதற்கு மேல் நடக்க முடியாது என்பதால் அங்கேயே ஒரு மருதமரத்தின் வேரில் உட்கார்ந்துகொள்வேன்.

ஜூன் மாதம். தென்மேற்குப் பருவக்காற்று பொதிகை மலையைத் தாண்டி வருகிற காலம். வெயிலும் சாரலும் மாறி மாறி வரும். ஆற்றின் நடுவே பாறையில் ஒரு நீர்க்காகம் நிற்கும். அது தண்ணீருக்குள் முழுகி மீன் பிடிக்கும். அதன் இறகுகள் நனைந்துவிடும். அதனால் வெளியே வந்ததும் இரண்டு சிறகையும் விரித்து, காற்றில் காய வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நிற்கும். ‘ஏன் இன்னும் பறக்கல?’ என்று யாரும் அதைக் கேட்பதில்லை. ஆழத்துக்குள் போய் வந்த பறவைக்குக் காய்வதற்கு நேரம் வேண்டும். அப்படித்தான் கர்த்தர் அதை உண்டாக்கியிருக்கிறார்.

எபிரெய மொழியில் ‘ரூவாக்’ என்ற ஒரே சொல் காற்றுக்கும் வரும், மூச்சுக்கும் வரும், ஆவிக்கும் வரும் என்று வேதபாட வகுப்பில் கேட்டிருக்கிறோம். நெஞ்சுக்குள் காற்று போதாமல் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் அதன் பொருள் எனக்கு ஜீவனுள்ளதாயிற்று. ஆதாமின் நாசியில் ஊதினவர் இன்னும் எனக்குக் கணக்கிட்டு மூச்சைத் தந்துகொண்டிருக்கிறார். வார்த்தையில்லாதவனுக்காக ஆவியானவர் தாமே பெருமூச்சோடு பரிந்து பேசுகிறார் என்று ரோமர் 8ம் அதிகாரம் சொல்லுகிறதே, அதைச் சத்தமில்லாமல் அனுபவித்தேன்.

கர்த்தர் முதலில் செய்தது என்ன?

இது என் அனுபவம் மாத்திரமா, வேதத்தில் இதற்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்போம்.

எலியாவைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேலில் அக்கினியை இறக்கினவன், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்துவிட்டான். அது ஆலமரம் போல அடர்ந்த மரம் அல்ல. பாலைவனத்தில் முளைக்கிற புதர்ச்செடி, இலை மிகக் குறைவு, நிழலும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நிழல் அவனுக்குப் போதுமாயிருந்தது. கர்த்தருடைய தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டான். மறுபடி சாப்பிட வைத்தான். பிறகுதான் நாற்பது நாள் பயணம், அதன் பிறகுதான் ஓரேபில் தேவன் பேசினது. முதலில் நிழல், தூக்கம், சாப்பாடு. கேள்வியும் ஊழியமும் அப்புறம். நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

யோபுவைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் போனார்கள், உடம்பெல்லாம் பருக்கள். நண்பர்கள் மூன்று பேரும் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்! வாய் திறந்ததும், ‘உன்னிடத்தில் ஏதோ பாவம் இருக்கிறது’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கர்த்தரே பேசுகிறார், 38ம் அதிகாரம் முதல் நான்கு அதிகாரங்கள். அதில் வியாதிக்குக் காரணம் ஒரு வரியாவது உண்டா? பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று உண்டா? இல்லை. கடலைக் காட்டுகிறார், பனியையும் நட்சத்திரங்களையும் காட்டுகிறார். காக்கைக் குஞ்சு பசியில் கத்துவதையும், வரையாடு மலையில் குட்டி போடுவதையும், கழுகு உயரத்தில் கூடு கட்டுவதையும் காட்டுகிறார். யோபுவின் கையைப் பிடித்து உலகம் முழுவதும் ஒரு சுற்று அழைத்துப்போனது போல இருக்கிறது. அவனுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் அவன் தேறினான். ஏனென்றால் விளக்கத்துக்குப் பதில் கர்த்தரே வந்தார், தம்முடைய கைவேலைகளோடு வந்தார்.

நம் ஆண்டவரைப் பாருங்கள். யோவான்ஸ்நானனைக் கொன்றுபோட்ட செய்தி வந்ததும், அவர் படவில் ஏறித் தனிமையான இடத்துக்குப் போனார் என்று மத்தேயு 14ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சிலுவைக்கு முந்தின இராத்திரி அவர் போனது ஒலிவமரத் தோட்டத்துக்கு. அன்றைக்கு மட்டும் போனதல்ல, அது அவர் வழக்கமாய்ப் போகிற இடம். அதனால்தான் யூதாசுக்கு வழி தெரிந்திருந்தது. பாவமில்லாத தேவகுமாரனே துக்கத்தில் மரங்களுக்கு நடுவே போயிருக்க, வேப்பமரத்தடியில் உட்கார்ந்த ஒரு தாயை விசுவாசத்தில் குறைந்தவள் என்று நாம் எப்படிச் சொல்லமுடியும்?

வைத்தியர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் 1984ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஒப்பிட்டார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. 23 பேருக்குச் செங்கல் சுவர் மட்டும் தெரிந்தது. மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மனுஷனை முதன்முதல் ஒரு தோட்டத்தில் வைத்தவருக்கு இது தெரியாதா?

நம்முடைய திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. டோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ல் ஒரு குழியில் விழுந்து காயப்பட்டார்கள். அதன்பின் 1951ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேதான். சுகத்துக்காக அவர்களும் ஜெபித்தார்கள், மற்றவர்களும் ஜெபித்தார்கள். பழைய சுகம் திரும்பவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்து அநேக புத்தகங்கள் வந்தன. கல்லறைக்கு மேல் நினைவுக்கல் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் அங்கே வைத்தது பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. அதில் தாய் என்று பொருள்படும் ஒரே சொல்.

ஆறு நம் தேவன் அல்ல

இவ்வளவும் சொன்னபிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது முழுச் சத்தியம் ஆகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தார் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை உடைந்து ஊருக்குள் வந்தது. வீடும் ஆடுமாடும் வயலும் போயின, உயிர்களும் போயின. எனக்கு ஆறுதல் தந்த அதே ஆறு! 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்து வாரிக்கொண்டு போனதையும் யோசிச்சுப் பாருங்க. எனக்கு மூச்சை எடுத்த கிருமியும் இந்த இயற்கையில் உள்ளதுதான்.

ஆகவே இயற்கைக்கு இரக்கம் உண்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆற்றுக்கு என் பெயர் தெரியாது. என் மனைவியின் பெயரும் தெரியாது. படைப்பும் நம்மோடேகூட வேதனையில் முனகிக்கொண்டு மீட்புக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் பவுல் அப்போஸ்தலனின் உபதேசம். காத்திருக்கிற ஒன்றை நாம் கும்பிட முடியாது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து காத்திருக்கலாம். ஓரேபிலும் பெருங்காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, அக்கினி வந்தது; கர்த்தர் அவைகளில் இல்லை. அதன்பின் வந்த தணிந்த குரலில்தான் எலியா அவரைக் கண்டுகொண்டான். அந்தக் குரலைக் கேட்கிற அளவுக்கு நம்மை அமரவைப்பதுதான் மரத்தடியின் வேலை. அதற்கு மேல் மரத்திடம் எதிர்பார்க்கக் கூடாது.

மரம் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. வேம்பு தை மாசியில் இலை உதிர்த்துப் பங்குனியில் துளிர்க்கிறது. அதைப் பார்த்து மனசு தேறுகிறோம். ஆனால் துளிர்ப்பது வேறே இலை. விழுந்த இலை திரும்பிக் கிளைக்கு வருவதில்லை. இயற்கை புதிதாக ஒன்றைத் தரும், போனதைத் திருப்பித் தராது. என் மனைவிக்குப் பதில் வேறொன்றும் எனக்கு வேண்டாம். அவளையே நான் பார்க்கவேண்டும். அந்த நம்பிக்கையைத் தரக்கூடியவர் ஒருவர்தான். அவரை அடக்கம் பண்ணினதும் ஒரு தோட்டத்தில், அவர் எழுந்ததும் அதே தோட்டத்தில். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். அவரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எந்த மரமும் நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நாம் செய்யவேண்டியது

தேவபிள்ளைகளே, அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “பயப்படாதீங்கம்மா. அந்த மரத்தை நட்டவர் யாரு? நீங்க அங்க போறதுக்கு முன்னாலயே அவர் அங்க இருக்காரு. போய் உக்காருங்க. வார்த்தை வராட்டா வர வேண்டாம்.”

சபையாராகிய நமக்கும் சொல்லுகிறேன். துக்கவீட்டுக்குப் போனால் ‘ஏன்’ என்பதற்குக் காரணம் சொல்லாதிருங்கள். கர்த்தரே யோபுவுக்கு அதைச் சொல்லவில்லை. சுகம் கிடைக்காமல் மரித்தவர்களின் வீட்டில் விசுவாசத்தை அளந்து பார்க்காதிருங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். படுக்கையில் இருப்பவரின் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுங்கள், வானம் தெரியட்டும். நடக்க முடிந்தவரைச் சாயங்காலம் குளத்துக்கரை வரை கூட்டிக்கொண்டு போங்கள், பேசாமல் கூட நடங்கள். நிழல் கொடுக்கிற மரம் உபதேசம் பண்ணுவதில்லை. அதனிடம் நாம் படிக்கவேண்டிய பாடம் அது. எழுப்புதல் வேண்டும் என்று முழங்காலில் நிற்கிறோம். கடைசி வரிசையில் அழுதுகொண்டிருக்கிற ஒருவர் பயமில்லாமல் அழக்கூடிய சபையாக நாம் மாறினால், அதுவும் எழுப்புதல்தான்.

ஜெபம் பண்ணுவோம்: எங்கள் நல்ல தகப்பனே, வானத்தையும் பூமியையும் உண்டாக்கின உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். இழந்தவர்களையும் வியாதிப்பட்டவர்களையும் உமது நிழலில் சேர்த்துக்கொள்ளும். மூச்சு குறைந்தவர்களுக்கு மூச்சாயிரும். எங்களுக்குப் பதில் தெரியாத இடத்தில் உம்முடைய சமூகத்தைத் தாரும். எங்கள் பிரியமானவர்களை மறுபடியும் முகமுகமாய்க் காணும் நாள்வரைக்கும் எங்களை நடத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், எங்கள் பிதாவே. ஆமென்.