நிற்க யாரையும் கேட்க வேண்டாம்

தனியாக ஊர் சுற்றுவதன் சுகம் நடப்பதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. நாலு பேரோடு போய்ப் பாருங்கள். நீங்கள் நின்றால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "என்னாச்சு?" என்பார்கள். ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும். தனியாள் சும்மா நிற்கலாம்.

அப்படி நிற்பதற்கு லிஸ்பனைப் போல வாகான ஊர் இல்லை. குன்று குன்றாக ஏறி இறங்குகிற ஊர். மூச்சு வாங்கினால் நின்றுதானே ஆக வேண்டும்? ஏறி முடித்த இடத்தில் பல நேரம் ஒரு மிரதோரு காத்திருக்கும். ஊரைப் பார்ப்பதற்கென்றே விட்டுவைத்த மேட்டுத் திடல் அது. கைப்பிடிச் சுவர், கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், அப்பால் தேஜு ஆறு. எவ்வளவு நேரம் என்பது உங்கள் இஷ்டம்.

1755 நவம்பர் 1 காலையில் வந்த நிலநடுக்கமும், பின்னாலேயே வந்த கடல் அலையும் தீயும் இந்த ஊரின் தாழ்ந்த பகுதியான பைஷாவைத் துடைத்துப் போட்டன. அமைச்சர் போம்பால் அதை நூல் பிடித்தாற்போல் நேர்த் தெருக்களாகக் கட்டவைத்தார். தட்டார்களுக்கு ஒரு தெரு, செருப்புத் தைப்பவர்களுக்கு ஒரு தெரு; பெயர்ப்பலகையில் அந்தப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. பக்கத்து மேட்டிலிருந்த அல்ஃபாமா பெரும்பாலும் தப்பியது. அதன் சந்துகள் பழையபடியே கோணல். கீழே பைஷாவில் வழி தப்ப முடியாது. அல்ஃபாமாவில் வழி தப்பாமல் இருக்க முடியாது. தப்பினால்தான் என்ன? இறக்கம் பார்த்து இறங்குங்கள், ஆறு வந்துவிடும். ஃபோன் பையிலேயே இருக்கட்டும்.

காலடியையும் பாருங்கள். நடைபாதை முழுக்க உள்ளங்கைக்குள் அடங்குகிற கற்கள்: வெள்ளை சுண்ணாம்புக்கல், கறுப்பு பசால்ட். எங்காவது கல் பதிப்பவர் பழுது பார்த்துக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்தான். கல்லை ஒரு கையில் ஏந்தி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு, ஒரு திருப்பு, இன்னொரு தட்டு. விளிம்பு சரியானதும் பக்கத்துக் கல்லோடு ஒட்டி மணலில் அமர்த்துவார். ரொசியோ சதுக்கத்தின் கறுப்பு வெள்ளை அலைகள் இப்படி ஒவ்வொரு கல்லாய்ப் பதித்தவை. (மழை நாளில் இதே கற்கள் ஆளைச் சறுக்கிவிடும். ரப்பர் அடிச் செருப்பாகப் பார்த்து எடுத்துப் போங்கள்.)

தனியாக மேசை பிடித்து உட்காரக் கூச்சமா? உட்காராதீர்கள். இங்கே காபிக்குப் பெயர் பீக்கா. கல்லாவை ஒட்டி நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. ஷியாதோ பகுதியில் ஒரு காபிக் கடை வாசலில் கவிஞர் பெசோவா வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு காலி நாற்காலியோடு. பைஷா அலுவலகங்களில் வணிகக் கடிதம் எழுதிப் பிழைத்தவர். பல பெயர்களில், பெயருக்கொரு நடையில் எழுதியவர். தனியாள் என்று அவரை எப்படிச் சொல்வது?

28ஆம் எண் டிராமில் இடத்துக்கு நெரிபட வேண்டாம். அதன் தண்டவாளத்தைப் பிடித்தே நடங்கள். கிராசா மேட்டிலிருந்து அல்ஃபாமா வழியாக பைஷாவுக்கு அதுவே கொண்டுவந்து சேர்க்கும். சந்து குறுகுகிற இடத்தில் பின்னால் மணி கேட்டால் மட்டும், சுவரோடு ஒட்டி நில்லுங்கள்.